வரவில்லை என்று எழுதப்பட்டவள்

டொமெனிக்கா ஸக்கன்யினோ என்று முழுப்பெயர் சொன்னால் எங்கள் சட்டப்புலத்தில் யாருக்கும் தெரியாது. மிம்மா என்றால் தெரியும். அந்த வருடம் முதலாண்டில் சேர்ந்த ஆயிரத்து நூறு பேரில் அகரவரிசைப்படி கடைசிப் பெயர் அவளுடையது, 'இஸட்' எழுத்தில் தொடங்குவது. என் குடும்பப் பெயர் 'வி'யில் தொடங்கும் விஜ்ஜானோ. அவளுக்குச் சில பெயர்கள் முன்னால் வரும். எந்த வரிசையிலும் வாலில் நின்று நின்றுதான் எங்களுக்குள் பழக்கம் உண்டானது.

பெரிய வகுப்பறையில் முந்நூற்று எண்பது நாற்காலிகள் இருந்தன. நகரத்துப் பிள்ளைகள் ஏழரைக்கே வந்து கோட்டையும் பையையும் போட்டு நண்பர்களுக்கும் இடம் பிடித்துவிடுவார்கள். மிம்மாவின் பேருந்து மலையிலிருந்து காலை ஆறு பத்துக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்குத்தான் வந்து சேரும். அதனால் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து எழுதுவாள். முதல் வாரமே ஒருவன் பூட்ஸ் காலோடு அவள் விரல்களை மிதித்துவிட்டுப் போனான். அவனுடைய கால்சட்டையை எட்டிப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்க ஒரு கை இருக்கு. கண்ணு தெரியலயா?"

"ஸாரி, ஸாரி."

"ஸாரி அப்புறம் சொல்லு. மொதல்ல கால எடு."

பேராசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முன்வரிசையில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிவந்த விரலால் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா ஊர் நகராட்சியில் குப்பை லாரி ஓட்டினார். அம்மா பள்ளிக்கூடம் ஒன்றில் தரை துடைத்தாள். மகள் சட்டம் படிக்கச் சேர்ந்த அன்றே அப்பா ஊர்க் காப்பிக்கடையில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்து, "எம் பொண்ணு வக்கீலாயிட்டா" என்று அறிவித்துவிட்டார். இதைச் சொல்லும்போது மிம்மாவுக்குக் கோபம் வரும். "இன்னும் ஒரு பரீட்சகூட முடிக்கல. அதுக்குள்ள பக்கத்து வீட்டு அம்மா வாய்க்கா தகராறு கேஸத் தூக்கிட்டு வந்து நிக்குது" என்பாள்.

முடிக்க வேண்டிய அந்த முதல் பரீட்சை உரிமையியல் சட்டம். அதில் தேறாமல் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எதிலும் உட்கார முடியாது. எழுத்துத் தேர்வு கிடையாது. ஒவ்வொருவராகப் போய்ப் பேராசிரியர் முன் உட்கார்ந்து கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். முப்பதுக்குப் பதினெட்டு வாங்கினால் தேர்ச்சி. மதிப்பெண்ணை அவரே தன் கையால் நம் மதிப்பெண் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

பேராசிரியரின் பெயர் எட்டோரே லோயாகொனோ. நகரத்திலேயே பெரிய வழக்கறிஞரும் அவர்தான். நாற்பது வகுப்புகளில் பதினொன்றுக்கு வந்தார். மற்றவற்றை உதவியாளர்கள் நடத்தினார்கள். பாடப் புத்தகம் அவர் எழுதியதுதான், எண்ணூறு பக்கம். மிம்மா அதைப் பேருந்திலேயே இரண்டு முறை முடித்தாள். ஒப்பந்தம், அடமானம், வாரிசுரிமை என்று எந்தப் பகுதியைக் கேட்டாலும் சொல்வாள். நான் படித்ததில் பாதி அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

பிப்ரவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதுக்குப் பரீட்சை என்று போட்டிருந்தார்கள். இருநூறு பேர் தாழ்வாரத்தில் நின்றோம். லோயாகொனோ பதினொன்றே முக்காலுக்கு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். சிலர் வணக்கம்கூடச் சொன்னார்கள். நானும் சொன்னேன். மிம்மா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டின் மூலையில் எதையோ குறித்துக்கொண்டாள்.

அகரவரிசைப்படி கூப்பிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு 'எஸ்' எழுத்துப் பெயர்கள் முடிந்தன. மீதி இருபத்து மூன்று பேர். டாக்டர் பெத்ருல்லி என்ற உதவியாளர் அம்மாள் வெளியே வந்து, "மிச்சப் பேரெல்லாம் வியாழக்கிழமை காலைல வாங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேராசிரியரின் அலுவல் காரணமாகத் தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது, தேதி பின்னர் அறிவிக்கப்படும். அப்படியும் மிம்மா போகவில்லை, எங்களையும் போகவிடவில்லை. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் பெத்ருல்லி பூட்டோடு வந்தாள்.

"இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. வீட்டுக்குப் போங்கப்பா."

"நிச்சயமா?" என்று மிம்மா கேட்டாள்.

"எத்தன தடவ சொல்றது? போங்க."

போனோம். மாலை மூன்று மணிக்கு, கோர்ட்டில் அவருடைய வழக்கு தள்ளிப்போனதால், லோயாகொனோ வந்தார். கதவுத் தாளைக் கிழித்தார். உள்ளே உட்கார்ந்து மீதிப் பெயர்களைக் கூப்பிட்டார். தற்செயலாக நூலகத்தில் இருந்த நான்கு பேர் ஓடிவந்து பரீட்சை கொடுத்தார்கள். மற்ற பத்தொன்பது பேருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்.

பேர் கொடுத்துவிட்டு வராதவர்கள் அடுத்த தேர்வுக்கு உட்கார முடியாது என்று ஒரு விதி இருந்தது. ஜூனில் எங்களுக்கு இடம் இல்லை. இனி செப்டம்பர்தான். அதற்குள் இரண்டாம் ஆண்டுக்கான பதிவு முடிந்து ஒரு வருடம் முழுதாகப் போய்விடும்.

மாணவர் அலுவலகத்தில் ஜன்னல் நாலுக்குப் போகச் சொன்னார்கள். அது திங்கள், புதன், வெள்ளி மட்டும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை திறந்திருக்கும். அறுபது டோக்கன்தான் தருவார்கள். மிம்மாவின் பேருந்து வருவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். இரண்டு வாரம் முயன்றும் கிடைக்காமல், முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் என் தங்கை கட்டிலில் படுத்துக் காலையில் போய் டோக்கன் எடுத்தாள். நானும் கூடப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"வரலன்னு போட்டிருக்கே."

"வந்தேன் மேடம். பரீட்சை இல்லன்னு கதவுல ஒட்டியிருந்தாங்க."

"அப்ப பரீட்சை நடக்கலன்னு புரொஃபசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

"நடந்துச்சு மேடம். சாயங்காலம் நடந்துச்சு. எங்களுக்குச் சொல்லல."

"நடந்துச்சுன்னா நீ வரலதானே? அடுத்தது யாரு?"

டாக்டர் பெத்ருல்லியிடம் போனோம். அவள் எங்களைப் பார்த்ததுமே கோப்புகளை அடுக்கத் தொடங்கினாள்.

"நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? அவர் எழுதினத நான் அடிக்க முடியுமா?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

மிம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நான் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். படியில் இறங்கும்போது அவள் என் கையை உதறினாள். "அவளுக்கு வேல போயிடும்னு பயம். சரி. ஜன்னல்காரிக்கு மணி பன்னெண்டாவணும். சரி. அவனுக்குக் கேஸ் இருக்கு. சரி. எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு விஜ்ஜானோ. நமக்குத்தான் ஒண்ணும் இல்ல. நாம வரல!" என்று கத்தினாள். முற்றத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லோயாகொனோவுக்கு மூன்று கடிதம் எழுதினாள். துறைத் தலைவருக்கு இரண்டு. வந்த ஒரே பதில், மாணவர் அலுவலகத்தில் ஜன்னல் நாலை அணுகவும் என்று துறைத் தலைவரின் செயலாளர் அனுப்பிய அச்சடித்த அட்டை. அதை அவள் கிழிக்கவில்லை. கடிதங்களின் நகலோடு ஒரு பச்சை அட்டைக்கோப்பில் வைத்தாள்.

ஜூன் எட்டாம் தேதி மற்றவர்களுக்குப் பரீட்சை. நேரில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நாங்களும் போயிருந்தோம். பத்தரைக்கு டாக்டர் பெத்ருல்லி கதவைத் திறந்து, "புரொஃபசருக்கு உடம்பு சரியில்ல. இன்னிக்குப் பரீட்சை இல்ல" என்றாள். இருநூறு பேரும் முணுமுணுத்துக்கொண்டு பையைத் தூக்கினார்கள்.

மிம்மா நகரவில்லை.

"என்ன உடம்புக்கு?"

"ஜுரம்."

"காலைல பஸ்ல வர்றப்ப பாத்தேன். கறுப்பு அங்கியக் கைல போட்டுக்கிட்டுக் கோர்ட்டு படி ஏறிட்டிருந்தாரு. ஜுரத்தோடயா ஏறுனாரு?"

டாக்டர் பெத்ருல்லி கதவைச் சாத்தினாள்.

மிம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது. அவள் கத்தும்போது எனக்குப் பயம் வராது. அன்றைக்கு வந்தது. "அவரோட ஆபீஸ் கோர்ட்டுக்குப் பின்னால இருக்கு. பன்னெண்டு மணிக்குக் கட்சிக்காரங்களப் பாக்க அங்க வந்துடுவாரு. நாமளும் போவோம். உக்காருவோம். யாரெல்லாம் வரீங்க?"

பத்தொன்பது பேரும் வருகிறோம் என்றோம். கோர்ட் திருப்பம் வரும்போது பதினொரு பேர் இருந்தோம். உண்மையைச் சொன்னால், எனக்கும் நழுவிவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. இதே நகரத்தில் வக்கீலாகப் பிழைக்க நினைப்பவன், அந்த மனிதரோடு எப்படி மோதுவது? மிம்மா திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்ததால்தான் நான் போனேன். திரும்பிப் பார்த்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது மாடி. பித்தளைப் பெயர்ப்பலகை. உள்ளே காத்திருப்பு அறையில் பச்சை வெல்வெட் நாற்காலிகள். ஒரு தொப்பிக்காரப் பெரியவரும், கழுத்தில் முத்துமாலை போட்ட அம்மாள் ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பதினொரு பேரும் எண்ணூறு பக்கப் புத்தகத்தோடு நுழைந்ததும் செயலாளர் பெண் எழுந்துவிட்டாள்.

"யாருங்க நீங்கல்லாம்? அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"இருந்துச்சு," என்றாள் மிம்மா. "பிப்ரவரி ஒம்போது, காலைல ஒம்போது மணிக்கு. அவருதான் வரல."

உட்கார்ந்தாள். நாற்காலி போதாததால் மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தோம். பழகிப்போனதுதான். தொப்பிக்காரப் பெரியவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா பொண்ணே, என்ன கேஸு?"

மிம்மா நடந்ததைச் சொன்னாள். பெரியவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்தார். "எனக்கும் இதே கததான்! ஆலிவ் தோப்பு எல்லத் தகராறு. நாலு வருசமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு இழுக்குறான். கேட்டா பல்கலைக்கழகத்துல பாடம் இருக்கு, புள்ளைங்க காத்துட்டிருக்காங்கன்னு சொல்றான். அந்தப் புள்ளைங்க நீங்கதானா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். முத்துமாலை அம்மாள்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் லோயாகொனோ வாசலில் வந்து நின்றார். கையில் அங்கி. ஜுரத்துக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

கட்சிக்காரர்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "பிள்ளைங்களா, இது இடம் இல்லையே! ஏதோ குழப்பம் ஆயிருக்கு. யாராவது ஒருத்தர் உள்ள வாங்க, பேசிக்குவோம்." மிம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பச்சைக் கோப்போடு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் அவளுடைய மதிப்பெண் புத்தகம் திறந்தபடி இருந்தது. அவர் பின்னாலேயே வந்தார், மூடி கழற்றிய பேனாவோடு.

"இவர் எனக்கு இருபத்தேழு போடுறாராம்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இப்பவே. இங்கயே. ஒரு கேள்விகூடக் கேக்காம. நான் உங்களக் கூட்டிட்டுப் போயிட்டா போதுமாம். நான் கெட்டிக்காரியாம், எனக்கு நல்ல எதிர்காலம் இருக்காம். உங்களுக்கெல்லாம் செப்டம்பர்தானாம்."

லோயாகொனோவின் காது மடல்வரை சிவந்தது.

"உன் பேர் என்ன?" என்றார். குரலில் சிரிப்பு போயிருந்தது.

"ஸக்கன்யினோ. உங்களுக்கு இந்தப் பேரு தெரிஞ்சிருக்காது புரொஃபசர், லிஸ்ட்டுல கடைசிப் பேரு. நான் காத்துட்டு நிக்கிறப்ப அதுவரைக்கும் நீங்க கூப்பிட்டதே இல்ல."

நாங்கள் படி இறங்கும்போது பின்னால் தொப்பிக்காரப் பெரியவரின் குரல் கேட்டது. "சரி வக்கீலய்யா, இப்ப என் எல்லைக்கு வருவோமா?"

அந்த வாரம் முழுக்க கோர்ட் வாசலில் இருக்கும் காப்பிக்கடைகளில் இதுதான் பேச்சு. முத்துமாலை அம்மாள் ஒரு நீதிபதியின் மைத்துனி என்று பிறகுதான் தெரிந்தது. பத்து நாளில் எங்கள் பெயர்களுக்கு எதிரே இருந்த 'வரவில்லை' அடிக்கப்பட்டது. எழுத்துப்பிழை என்று காரணம் போட்டிருந்தார்கள். பத்தொன்பது பேருக்கு ஜூன் இருபத்தாறு காலை ஒன்பதுக்குத் தனிப் பரீட்சை. அன்று நழுவிப்போன எட்டுப் பேரும் சரியான நேரத்துக்கு வந்து நின்றார்கள். மிம்மா அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லோயாகொனோவும் ஒன்பதுக்கு வந்தார், நிமிடம் பிசகாமல். உட்கார்ந்ததும், "இன்னிக்குக் கடைசியிலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

பரீட்சை எல்லோருக்கும் முன்னால்தான் நடக்க வேண்டும். நாங்கள் சுவரோரம் நின்று கேட்டோம். ஐம்பத்தைந்து நிமிடம். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம்தான். வாரிசுரிமையில் தொடங்கினார். சொன்னாள். அடமானத்துக்குத் தாவினார். சொன்னாள். பிறகு அடிக்குறிப்புகளுக்குப் போனார். எண்ணூறு பக்கத்தில் எவனும் படிக்காத பொடி எழுத்துகள். அதையும் சொன்னாள். கடைசியில் ஒரு தீர்ப்பின் தேதியைக் கேட்டார். வருடம் சொன்னாள். மாதமும் சொன்னாள்.

"நாள்?"

அவள் கண்ணை மூடி அந்தப் பக்கத்தை நினைவில் தேடினாள்.

"தெரியாது," என்று அவரே சொல்லிவிட்டு எழுதினார். "பதினெட்டு. வேண்டாம்னா செப்டம்பர்ல வரலாம்."

மதிப்பெண்ணை மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆனால் செப்டம்பர் என்றால் இரண்டாம் ஆண்டு போய்விடும். நாங்கள் எல்லோரும் சுவரோரத்திலிருந்து கண்ணாலேயே கெஞ்சினோம், எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்று. அவள் மதிப்பெண் புத்தகத்தை நீட்டினாள். கையெழுத்தானதும் வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"நன்றி, புரொஃபசர்," என்றாள்.

அது வழக்கம். பரீட்சை முடிந்தால் எல்லோரும் சொல்வதுதான், வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சொல் வெளியே வந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். யாரோ கன்னத்தில் அறைந்ததைப் போல. பிறகு வேகமாக வெளியே போனாள்.

அவளை வறுத்தெடுத்ததில் அவர் களைத்திருந்தார். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். மிம்மா எனக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவை. இருபத்தாறு போட்டார். நானும் நன்றி சொன்னேன்.

முற்றத்தில் குடிநீர்க் குழாயடியில் அவளைக் கண்டேன். முகம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"எவ்வளவு?"

சொன்னேன். "நீ வாங்கவேண்டியது மிம்மா. உன்னால வந்தது" என்றேன்.

"போடா," என்றாள். "உம்மேல கோவம் ஒண்ணும் இல்ல. அந்தாளு பதினெட்டு போட்டதுக்குக்கூட இல்ல. அவன்கிட்ட நன்றி சொன்னேன் பாரு! யார் சொல்லச் சொன்னா? ரெண்டர மணி நேரம் பஸ்ல வந்து, அவன் மிதிச்ச காலுக்கு நன்றி சொல்லிட்டு வந்திருக்கேன்!" குழாயை ஓங்கி அறைந்தாள். தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது.

அன்று மாலை அவள் ஊர்க் காப்பிக்கடையில் அப்பா மறுபடியும் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார் என்று பிறகு சொன்னாள். அவள் அதைத் தடுக்கவில்லை.

பதினெட்டு என்பது ஒரு கறை. எந்தப் பேராசிரியரின் முன்னால் உட்கார்ந்தாலும் அவர் முதலில் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார். உரிமையியலிலேயே பதினெட்டா என்று புருவத்தைத் தூக்கிவிட்டுத்தான் கேள்வி கேட்பார். லோயாகொனோவின் நண்பர்கள் இருவர் அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். நான்கு வருடப் படிப்பை முடிக்க அவளுக்கு ஏழு வருடம் ஆனது. ஒவ்வொரு நாளும் அதே ஆறு பத்துப் பேருந்து. நகரத்து வக்கீல் அலுவலகங்களில் பயிற்சிக்கு இடம் கேட்டுப் போனாள். அந்த ஸக்கன்யினோவா என்று கேட்டுவிட்டுப் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நான் வேலை பார்த்த அலுவலகமும் அதையே சொன்னது. நான் மேசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது அவள் சொந்த ஊரில் தொழிற்சங்க உதவி மையத்தில் இருக்கிறாள். ஓய்வூதியம், விபத்து இழப்பீடு, விதவைப் பணம் என்று வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, அலுவலகங்களோடு சண்டை போடுவது அவள் வேலை. போன வசந்தத்தில் லோயாகொனோ ஓய்வுபெற்றார். பெரிய வகுப்பறையில் விழா வைத்தார்கள். மாணவர்களின் தந்தை என்று பேசினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியபோது நானும் எழுந்தேன். கைதட்டினேனா என்று கேட்காதீர்கள். மறுநாள் எனக்கு இருப்புக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

அவள் தொலைபேசியில் யாரையோ பிடித்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்து இல்லன்னு நீங்க மார்ச்ல சொல்லிருக்கணும் சார். இப்ப சொல்லாதீங்க. எனக்கு உங்க பேரு வேணும். இல்ல, உங்க மேலதிகாரி பேரு இல்ல, உங்க பேரு." எதிரே கறுப்பு உடையில் ஒரு அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பின்னால் ஆறு பேர், கடைசியில் ஒரு பெரியவர்.

அவள் தொலைபேசியை வைத்ததும் விழாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டாள்.

"யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல."

"நீ?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் எதுவும் இல்லை, எனக்கு அது கிடைக்கவும் கூடாது.

"பேனா வச்சிருக்கியா?" என்றாள். "வெறுமனே நிக்காத. அந்தப் பெரியவருக்கு ஃபாரம் நிரப்பத் தெரியாது. உக்காந்து எழுதிக் குடு."

உட்கார்ந்து எழுதினேன்.